கணினியை நெய்தவர்களும் ‘தகுதி, திறமை’ பேசுபவர்களும்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இட ஒதுக்கீடு பற்றிய விவாதங்களில் ஒரு வாதத்தை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். “அரசு வேலையில் வேண்டுமானால் ஒதுக்கீடு வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் துறைக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். அங்கே சாதி கிடையாது. எழுதிய நிரல் ஓடுகிறதா, இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. எழுதியவர் யார் என்று இயந்திரம் கேட்பதில்லை.”

இயந்திரம் கேட்பதில்லை என்பது உண்மைதான். அதைச் சுற்றி நிற்கிற மனிதர்கள் கேட்கிறார்கள். யாருடைய வேலைக்கு ‘அறிவு’ என்று பெயர் வைப்பது, யாருடைய வேலையைக் ‘கைவேலை’ என்று ஒதுக்குவது, யாருக்கு எந்தச் சம்பளப் படிநிலை, பாடப்புத்தகத்தில் யாருடைய பெயர் என்பதையெல்லாம் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். கணினியின் வரலாறே இதற்குச் சாட்சி. அந்த வரலாற்றிலிருந்து சிலரைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அவர்கள் செய்த வேலையின் தொடர்ச்சி, இப்போது உங்கள் பையில் இருக்கிற போனுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய பெயர்கள்தான் காணாமல் போயின.

‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். 1940-கள் வரை அந்தச் சொல் பெரும்பாலும் ஓர் ஆளைக் குறித்தது. அதாவது, கணக்குப் போடுவதையே வேலையாகக் கொண்ட ஆள். அந்த வேலையில் பெண்கள் அதிகமாக இருந்தார்கள். கணிதப் பட்டம் பெற்ற ஒரு பெண்ணை, அதே பட்டம் பெற்ற ஆணைவிடக் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்த முடியும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்குப் பீரங்கி அட்டவணைகள் தேவைப்பட்டன. எந்தக் கோணத்தில் சுட்டால் குண்டு எங்கே போய் விழும் என்ற கணக்கு. பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில், கணிதம் படித்த பெண்கள் மேசைக் கணக்கிடும் கருவிகளை வைத்துக்கொண்டு இந்த அட்டவணைகளைப் போட்டார்கள். ஒரே ஒரு குண்டின் பாதையைக் கணக்கிட ஒரு நாளுக்கும் மேல் பிடித்தது. அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம் என்று உருவானதுதான் எனியாக். சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள், 30 டன் எடை. இதை வடிவமைத்த ஜான் மாக்லி, பிரெஸ்பர் எக்கர்ட் ஆகிய இருவரின் பெயர்களும் எல்லாப் புத்தகங்களிலும் உண்டு.

இயந்திரம் தயாராகிவிட்டது. அதைக் கணக்குப் போட வைப்பது யார்? 1945-ல் ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கே மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். மெக்நல்டி அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் ஐரிஷ் மொழி பேசி வளர்ந்தவர். ஜென்னிங்ஸ் மிசௌரி மாநிலத்தின் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். நிரல் எழுதுவதற்குப் புத்தகமோ பயிற்சியோ கிடையாது. நிரல் மொழி என்ற ஒன்றே அப்போது இல்லை. பாதுகாப்பு அனுமதி வராததால் முதலில் இயந்திரத்தைப் பார்க்கக்கூட அவர்களை விடவில்லை. மின்சுற்று வரைபடங்களை வைத்துக்கொண்டு, பொறியாளர்களிடம் கேள்வி கேட்டுக் கேட்டு, இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். ஒரு கணக்கைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, எந்தக் கம்பியை எங்கே செருகுவது, எந்தச் சுவிட்சை எந்த எண்ணில் வைப்பது என்று திட்டமிட்டார்கள். இன்று நாம் நிரலாக்கம் என்று சொல்வது இதைத்தான்.

1946 பிப்ரவரியில் எனியாக் உலகுக்குக் காட்டப்பட்டது. பீரங்கியிலிருந்து புறப்பட்ட குண்டு தரையைத் தொடுவதற்குள், அதன் பாதையை இயந்திரம் கணக்கிட்டு முடித்துவிட்டது. பத்திரிகைகள் வியந்து எழுதின. அந்தச் செயல்விளக்கத்துக்கான நிரலை உருவாக்கியவர்கள் ஜென்னிங்ஸும் ஸ்னைடரும். அன்றிரவு நடந்த கொண்டாட்ட விருந்துக்கு அந்தப் பெண்களை யாரும் அழைக்கவில்லை. ராணுவத்தின் பணிப் பட்டியலில் அவர்கள் ‘சப்-ப்ரொஃபஷனல்’, அதாவது தொழில் வல்லுநருக்குக் கீழான பிரிவு. கையில் கணிதப் பட்டம் இருந்தும் இதுதான் அவர்களுக்குக் கொடுத்த இடம்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1980-களின் நடுவில், கேத்தி கிளைமன் என்ற கல்லூரி மாணவி எனியாக்கின் பழைய புகைப்படங்களைப் பார்க்கிறார். இயந்திரத்தின் முன்னால் பெண்கள் நிற்கிறார்கள். படத்துக்குக் கீழே அவர்களுடைய பெயர் இல்லை. இவர்கள் யார் என்று விசாரித்தபோது, ஃபிரிட்ஜ் விளம்பரத்தில் கதவைத் திறந்துகாட்டி நிற்பார்களே, அதுபோல அழகுக்காக நிறுத்தப்பட்டவர்கள் என்று பதில் வருகிறது. கிளைமன் அந்தப் பதிலை ஏற்கவில்லை. தேடிப்போய், உயிரோடு இருந்தவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தார். அவர் தேடாமல் விட்டிருந்தால் அந்த ஆறு பேரும் நமக்கு விளம்பர அழகிகளாகவே இருந்திருப்பார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருவரான பெட்டி ஸ்னைடர், பிறகு பெட்டி ஹோல்பர்டன், போருக்குப் பின் யுனிவாக் கணினியில் வேலை செய்தார். தரவுகளை வரிசைப்படுத்தும் நிரலை இயந்திரமே உருவாக்கித் தரும்படி ஒரு நிரல் எழுதினார். நிரல் எழுதும் நிரல் என்ற எண்ணத்துக்கு அது ஒரு தொடக்கம். கோபோல் மொழியை உருவாக்கிய குழுவிலும் இருந்தார். உலகின் பல வங்கிகளில் இன்றும் பணப் பரிமாற்றங்களுக்குப் பின்னால் கோபோல் ஓடுகிறது. கீபோர்டில் எழுத்துகளுக்குப் பக்கத்தில் எண்களுக்கென்று தனிக் கட்டம் இருக்கிறதே, அந்த அமைப்புக்கும் அவர்தான் காரணமானவர். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் நாள், வீட்டில் பிள்ளை வளர்க்கலாமே என்று அவரிடம் ஒரு கணிதப் பேராசிரியர் சொன்னாராம்.

அமெரிக்காவில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் அரசுத் துறைகளில் கணக்கு இயந்திரங்களையும் முதல் கணினிகளையும் இயக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1955-ல் அரசுப் பணியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று ஒப்புக்கொண்டார்கள். நல்ல செய்தி. ஆனால் இயந்திரம் இயக்குபவர்களுக்கு அது கிடையாது என்று விலக்கினார்கள். காரணம் என்ன தெரியுமா? அந்தப் பணியில் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆணின் ஊதியமே இல்லை. ஆகவே பெண்ணின் ஊதியமே அந்த வேலையின் ஊதியம்! பிறகு கணினிதான் நிர்வாகத்தின் நரம்பு என்று அரசுக்குப் புரிந்தது. புரிந்ததும் ஆண்களைக் கொண்டுவந்து மேலே உட்கார வைத்தார்கள். அனுபவமுள்ள பெண்கள் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, அவர்களுக்குக் கீழேயே வேலை பார்த்தார்கள். மார் ஹிக்ஸ் என்ற வரலாற்றாசிரியர் இதை ஆவணங்களோடு விரிவாக எழுதியிருக்கிறார். திறமையானவர்களைத் தள்ளிவைத்ததால் பிரிட்டனின் கணினித் துறையே பின்தங்கியது என்பது அவருடைய முடிவு.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வேலை மாறவில்லை, இயந்திரமும் மாறவில்லை. செய்கிற ஆள் மாறியதும் வேலையின் மதிப்பு உயர்ந்துவிட்டது. வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்யும் மனிதர்களையே மேல், கீழ் என்று பிரித்து அடுக்குவது வேறு என்று அண்ணல் அம்பேத்கர் நமக்கு விளக்கினார். சாதியைப் பற்றி அவர் சொன்ன அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

வர்ஜீனியா மாநிலத்தில் ஹாம்ப்டன் என்ற ஊர். அங்கே லாங்லி விமான ஆய்வுக்கூடம். பின்னாளில் நாசாவாக மாறிய அமைப்பின் முக்கியக் கூடம் அது. 1943 முதல் கறுப்பினப் பெண் கணக்காளர்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள். அவர்களைத் தனியாக மேற்குப் பகுதிக் கட்டடத்தில் உட்கார வைத்தார்கள். தனிக் கழிப்பறை. உணவகத்தில் ‘நிறமுள்ள கம்ப்யூட்டர்கள்’ என்று பலகை வைத்த தனி மேசை. மிரியம் மான் என்ற பெண் அந்தப் பலகையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். நிர்வாகம் மீண்டும் பலகை வைக்கும். அவர் மீண்டும் எடுத்துவிடுவார். ஒரு கட்டத்தில் பலகை வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். தேநீர்க் கடையில் தனிக் குவளையைப் பார்த்த நம் ஊருக்கு இந்த மேசையை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பெண்களின் கதை ‘ஹிடன் ஃபிகர்ஸ்’ என்ற படமாக 2016-ல் வந்தது, பலரும் பார்த்திருப்பீர்கள். படம் பார்த்துவிட்டு நாம் மறந்துவிடக்கூடாத விஷயம், அந்த ஆய்வுக்கூடத்தின் கதவு எப்படித் திறந்தது என்பது. ரயிலில் படுக்கை விரித்து, பெட்டி தூக்கிய கறுப்பின ஊழியர்களின் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். போர்த் தளவாடத் தொழில்களில் கறுப்பின மக்களுக்கு வேலை மறுக்கப்படுவதை எதிர்த்து, ஒரு லட்சம் பேரோடு வாஷிங்டனுக்குப் பேரணி வருவோம் என்று 1941-ல் அவர் அறிவித்தார். அந்த அழுத்தத்தில்தான் அதிபர் ரூஸ்வெல்ட், பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்து ஆணை 8802-ஐ அந்த ஆண்டு ஜூன் மாதம் பிறப்பித்தார். அந்த ஆணையும் போர்க்கால ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துதான் கறுப்பினப் பெண்களுக்கு லாங்லியின் கதவைத் திறந்தன. சுமை தூக்கியவர்களின் சங்கம் போராடியது, கணிதம் படித்த பெண்கள் விண்வெளிக் கணக்குப் போட்டார்கள். திறமை அவர்களிடம் முன்பே இருந்தது. அதற்கு வழி திறந்துவிட்டது போராட்டம். இட ஒதுக்கீடு திறமைக்கு எதிரி என்று பேசுபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

உள்ளே வந்த டோரத்தி வாகன், முன்பு பள்ளியில் கணித ஆசிரியர். 1949-ல் மேற்குப் பகுதிப் பிரிவின் பொறுப்புக்கு வந்தார். அந்த அமைப்பின் முதல் கறுப்பின மேற்பார்வையாளர் அவர்தான். மின்னணுக் கணினி வரப்போகிறது, கையால் கணக்குப் போடுகிற வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரிந்தது. ஃபோர்ட்ரான் கற்றுக்கொண்டார். தன் பிரிவுப் பெண்களுக்கும் நிரலாக்கம் கற்றுக்கொடுத்தார். தான் மட்டும் தப்பித்துக்கொள்ள அவர் நினைக்கவில்லை, ஒரு கூட்டத்தையே கரையேற்றினார். 1958-ல் நாசா உருவாகி, தனிப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. அதன்பின் அவர் மேலாண்மைப் பொறுப்பு கேட்டார். 1971-ல் ஓய்வு பெறும்வரை அது அவருக்குக் கிடைக்கவேயில்லை. தனிமேசை போய்விட்டது, ஆனால் மேலே போகும் ஏணியை எடுத்துவிட்டார்கள். அதே கூடத்தில் மேரி ஜாக்சன் பொறியாளராக விரும்பினார். அதற்கான வகுப்புகள் வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக் கட்டடத்தில் நடந்தன. அங்கே உட்கார்ந்து படிக்க நகர நிர்வாகத்திடம் சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வாங்கினார், படித்தார், 1958-ல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். வாஷிங்டனில் உள்ள நாசா தலைமையகத்துக்கு அவருடைய பெயரை 2020-ல் அறிவித்தார்கள். அவர் 2005-லேயே இறந்துவிட்டார்.

இதுவரை சொன்னவர்கள் பட்டம் பெற்றவர்கள். பட்டமில்லாத கைகளும் கணினியை உருவாக்கின. மனிதரை நிலவுக்குக் கொண்டுபோன அப்போலோ விண்கலத்தின் கணினியில் நிரல் எப்படிச் சேமிக்கப்பட்டது தெரியுமா? நெய்தார்கள். உருவகமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நெய்தார்கள். சின்னச் சின்னக் காந்த வளையங்கள். மெல்லிய கம்பி வளையத்துக்குள் புகுந்து போனால் 1, வெளியே ஒதுங்கிப் போனால் 0. இப்படி 36,864 சொற்கள் கொண்ட நிரலைக் கம்பியில் நெய்தவர்கள், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் என்ற ஊரின் ரேதியான் ஆலைப் பெண் தொழிலாளர்கள். வாரக்கணக்கில் நடந்த வேலை. ஒரு கம்பி தப்பினாலும் நிரல் தப்பு. 1969 ஜூலையில் நிலவில் இறங்கிய கலத்தில் அந்த நெசவு இருந்தது. பொறியாளர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் ‘கிழவி மெமரி’ என்ற பொருள் தருவது. அந்த நிரலை எழுதிய குழுவின் தலைவர் மார்கரெட் ஹாமில்டனை உலகம் தாமதமாகவாவது அறிந்துகொண்டது. 2016-ல் அமெரிக்க அதிபரின் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. நெய்தவர்களோ புகைப்படங்களில் குனிந்த தலைகளாக மட்டுமே இருக்கிறார்கள்.

நெசவுக் கதை இன்னொன்று உண்டு. அது நமக்கு இன்னும் நெருக்கமானது. சிலிக்கான் பள்ளத்தாக்கின் தாய் நிறுவனம் என்று சொல்லத்தக்க ஃபேர்சைல்ட், சிப் தயாரிக்கும் ஆலை ஒன்றை 1965-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஷிப்ராக்கில் தொடங்கியது. அது நவஹோ பழங்குடி மக்களின் நிலம். ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நவஹோ பெண்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை இணைக்கும் வேலை. கூலி குறைவு, அரசு மானியம் உண்டு. 1969-ல் நிறுவனம் ஒரு விளம்பரக் கையேடு வெளியிட்டது. அதில் நவஹோ பெண்கள் நெய்யும் கம்பள வடிவத்தையும் சிப்பின் வடிவத்தையும் ஒப்பிட்டுக் காட்டியது. தலைமுறை தலைமுறையாகக் கம்பளம் நெய்தவர்கள், அதனால் சிப் செய்வது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்பதுதான் கருத்து. லிசா நாகமுரா என்ற ஆய்வாளர் 2014-ல் இதை விரிவாக எழுதினார்.

கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும். இதில் உள்ள சூழ்ச்சியைக் கவனியுங்கள். பிறப்பிலேயே வந்தது என்றால் அது கற்ற திறமை ஆகாது. கற்ற திறமை இல்லையென்றால் அதற்குக் கூலி உயர்த்த வேண்டியதில்லை, பதவி உயர்வும் தர வேண்டியதில்லை. குயவர் பிள்ளைக்கு மண், நெசவாளர் பிள்ளைக்குத் தறி என்று சொன்னவர்களை நமக்குத் தெரியாதா? 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்றது. அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து எதிர்த்து ஒழித்த மண் இது. ஃபேர்சைல்டின் கையேட்டை நான் முதலில் படித்தபோது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குலக்கல்வி என்றுதான் தோன்றியது. 1975-ல் ஆட்குறைப்பு வந்தது. அமெரிக்க இந்திய இயக்கத்தினர் ஆலையைக் கைப்பற்றிப் போராடினார்கள். நிறுவனம் ஆலையை மூடிவிட்டுப் போய்விட்டது. ரத்தத்திலேயே இருக்கிறது என்று புகழ்ந்த கைகளை விட்டுப் போக அவர்களுக்குப் பெரிதாக நேரம் பிடிக்கவில்லை.

இன்னும் ஒருவரைச் சொல்கிறேன். லின் கான்வே. 1960-களில் ஐபிஎம் நிறுவனத்தில், கட்டளைகளை எழுதிய வரிசையிலேயே காத்திராமல், தயாராக இருப்பதை முதலில் செய்து முடிக்கும் முறையை வகுத்தார். உங்கள் லேப்டாப் வேகமாக ஓடுவதற்கு அந்த எண்ணம் ஒரு முக்கியக் காரணம். அவர் திருநங்கை. பாலின மாற்றத்துக்கு முன்வந்தது தெரிந்ததும் 1968-ல் நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. பழைய சாதனை எதையும் சொல்லிக்கொள்ள முடியாமல், புதிய பெயரில், ஒப்பந்த நிரலாளராக அடியிலிருந்து தொடங்கினார். பிறகு ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் சேர்ந்து, கார்வர் மீடுடன் இணைந்து சிப் வடிவமைப்பை எளிய விதிகளாக மாற்றினார். 1980-ல் அவர்கள் எழுதிய பாடநூல் வந்தது. அதுவரை சில பெரிய நிறுவனங்களின் நிபுணர்கள் மட்டுமே சிப் வடிவமைக்க முடிந்தது. அதன்பின் கல்லூரி மாணவர்களும் வடிவமைத்தார்கள். இங்கே இருக்கிற மின்னணுவியல் மாணவர்கள் விஎல்எஸ்ஐ என்று படிக்கிற தாள் அந்த மரபில் வந்ததுதான். மூடிவைத்திருந்த அறிவைத் திறந்துவிட்டவர் அவர். அவரிடம் ஐபிஎம் மன்னிப்புக் கேட்டது 2020-ல். இடையில் 52 ஆண்டுகள். 2024-ல் அவர் காலமானார்.

இத்தனை பேரையும் ஒன்றாகப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான். அவர்களுடைய வேலை தாழ்ந்தது என்பதால் அவர்கள் மறக்கப்படவில்லை. அவர்கள் செய்தார்கள் என்பதாலேயே அது தாழ்ந்த வேலை என்று பதிவானது. ஒதுக்கியவர்கள் அந்த வேலையை மட்டும் ஒதுக்கவில்லை. அதன் பலனை இன்றுவரை எல்லோரும் அனுபவிக்கிறார்கள்.

அமெரிக்க நிறவெறி, ஐரோப்பிய ஆணாதிக்கம், நம்முடைய சாதி மூன்றும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. சாதிக்குத் தீட்டு உண்டு, அகமணம் உண்டு, சாத்திரத்தின் துணை உண்டு. ஆனால் மூளைக்கு மேலே இடம், கைக்குக் கீழே இடம் என்ற ஏற்பாட்டை உலகம் முழுக்க எப்படிக் கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், இங்கே அது கட்டப்பட்ட விதமும் தெளிவாகத் தெரியும். அஜந்தா சுப்பிரமணியன் சென்னை ஐஐடியைப் பற்றி எழுதி 2019-ல் வெளியான ஆய்வு நூல் இதைத்தான் காட்டுகிறது. இரும்பும் மரமும் கல்லும் தொட்டு வேலை செய்த கைவினைச் சாதிகளின் அறிவாக இருந்தது தொழில்நுட்பம். ஆங்கிலேயர் காலத்தில் பொறியியல் என்பது பட்டமாகவும் பதவியாகவும் மாறியபோது, கையால் தொடாதவர்கள் அதற்குள் வந்து சேர்ந்தார்கள். தலைமுறைகளாகச் சேர்த்த சாதிச் சலுகை அங்கே ‘தகுதி’ என்ற புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டது.

அந்தச் சட்டை கடல் தாண்டியும் போயிருக்கிறது. 2020-ல் கலிபோர்னியா மாநில அரசின் துறை ஒன்று, தலித் பொறியாளர் ஒருவரைச் சாதி காரணமாகப் பாகுபடுத்தியதாக சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கு 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. வழக்கின் முடிவு எதுவானாலும், சிலிக்கான் பள்ளத்தாக்கில் சாதி உண்டா என்ற கேள்வியை இனி யாரும் மேசைக்குக் கீழே தள்ள முடியாது. 2023 பிப்ரவரியில் சியாட்டில், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமானது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் சட்ட முன்வரைவை ஆளுநர் தடுத்துவிட்டார். ராண்டால்ஃப் 1941-ல் செய்த வேலை இன்னும் முடியவில்லை.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். ஷிப்ராக்கில் நுண்ணோக்கிக்கு முன் உட்கார்ந்திருந்த பெண்களின் இடத்தில் இன்று யார் இருக்கிறார்கள்? ஸ்ரீபெரும்புதூரில் போன் பொருத்தும் நம் ஊர்ப் பெண்கள். கிராமங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்கிறவர்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவால் பலர் நோயுற்றபோது, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அதுவரை அந்தப் போன்களுக்குள் அவர்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது. ‘பெண்களுக்குப் பொறுமை அதிகம், விரல் நுணுக்கம் அதிகம்’ என்று பேசுகிறவர்களை இனிக் கேட்டால், அந்த 1969 கையேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக்கு வாருங்கள். படத்தில் இருப்பது மனிதனா மரமா, இந்த வாக்கியம் வசையா வாழ்த்தா என்று இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க, லட்சக்கணக்கான தரவுகளுக்கு யாரோ உட்கார்ந்து குறியிட வேண்டும். தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் இந்த வேலை நடக்கிறது. பார்ப்பவர்களுக்கு இயந்திரமே தானாகக் கற்றது போலத் தெரிகிறது. எனியாக்கின் முன் நின்ற பெண்களை ‘சப்-ப்ரொஃபஷனல்’ என்றார்கள். இவர்களை ‘டேட்டா ஆபரேட்டர்’ என்கிறார்கள். நாற்பது ஆண்டு கழித்து யாரோ ஒரு மாணவி வந்து இவர்களைத் தேடட்டும் என்று நாம் விட்டுவிடலாமா?

“இப்போதுதான் படம் எடுக்கிறார்களே, பதக்கம் கொடுக்கிறார்களே” என்று ஒரு கேள்வி வரலாம். கொடுக்கட்டும். டோரத்தி வாகனுக்கு அன்று தேவைப்பட்டது பதவி உயர்வு. பிரிட்டன் பெண்களுக்குத் தேவைப்பட்டது சம ஊதியம். நவஹோ பெண்களுக்குத் தேவைப்பட்டது வேலைப் பாதுகாப்பு. மறுத்த உரிமைக்குப் பதிலாகச் சிலை வைப்பது நமக்குப் பழக்கமான தந்திரம்.

ஆகவே, தோழர்களே, மூன்று வேலைகளை உங்களிடம் விட்டுச் செல்கிறேன். தனியார் துறையில், குறிப்பாகத் தகவல் தொழில்நுட்பத்தில், இட ஒதுக்கீடு கேட்கும் குரலைத் தயங்காமல் உயர்த்துங்கள். தகுதி, திறமை என்று யாராவது தொடங்கினால், எனியாக்கின் சம்பளப் பட்டியலிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள். இரண்டாவது, மின்னணு ஆலையிலும் தரவு மையத்திலும் வேலை செய்கிறவர்கள் சங்கம் அமைக்கும்போது, படித்த பொறியாளர்கள் வேடிக்கை பார்க்காமல் பக்கத்தில் நில்லுங்கள். ரயில் ஊழியர் சங்கம்தான் ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்தது என்பதை மறக்க வேண்டாம். மூன்றாவது, எழுதி வையுங்கள். உங்கள் அக்கா, தங்கை, பக்கத்து வீட்டுப் பெண் இந்த ஆலைகளில் என்ன வேலை செய்கிறார், அதை எப்படிக் கற்றார், எவ்வளவு கூலி வாங்குகிறார் என்பதை, அவர் சம்மதத்தோடு, அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்யுங்கள். அவர் விரும்பினால் பெயரோடு.

படத்துக்குக் கீழே பெயர் எழுதுகிற வேலையை இனி நாமே செய்வோம்.